இருமுறை கரை சேர்ந்தவர்

வணிகச் சட்டம் பயில வருவோர்க்கு முதல் வாரத்திலேயே அறிமுகமாகிவிடும் நூல் ஒன்று உண்டு. பொருள் விற்பனை பற்றிப் பெஞ்சமின் என்பார் ஆங்கிலத்தில் இயற்றிய நூலே அது. 1868ஆம் ஆண்டில் இலண்டனில் முதன்முதல் வெளிவந்த அந்நூல், ஆசிரியர் மறைந்து ஒரு நூற்றாண்டுக்கு மேலாகியும், பிற்காலத்து அறிஞர் பலரால் புதுக்கப்பெற்று, அவருடைய பெயரைத் தாங்கியே இன்றும் பதிப்பிக்கப்படுகின்றது.

மாலை வகுப்புகளிற் பல்லாண்டுகள் இப்பாடத்தைக் கற்பித்து வந்தவன் நான். அந்நூல் என் அலுமாரியில் எட்டும் தூரத்தில் இருந்தது. வேண்டியபோது எடுத்தேன், வேண்டிய பக்கத்தைப் பார்த்தேன், மூடி வைத்தேன். பெஞ்சமின் என்பது இரத்தமும் சதையுமான ஒரு மனிதரின் பெயர் என்பதை நான் எண்ணிப் பார்த்ததேயில்லை. ஒருநாள் மாணவி ஒருத்தி எழுந்து, இவர் யார், எந்த ஊரவர் என்று வினவினாள். விடை சொல்ல இயலாமல் நின்றேன். அன்று கொண்ட வெட்கமே இவ்வரலாற்றைத் தேட என்னைத் தூண்டியது. தேடிக் கண்டதில் வியப்பும் இருந்தது. மனத்தை உறுத்தும் முள்ளும் இருந்தது. இரண்டையும் ஒளிக்காமல் கூற விழைகின்றேன்.

பழக்கடைக்காரர் மகன்

யூதா பிலிப் பெஞ்சமின் 1811ஆம் ஆண்டு ஓகஸ்ட் 6ஆந் திகதி மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்றான சென் குரோயிற் பிறந்தார். பெற்றோர் ஸ்பானிய மரபில் வந்த யூதர். அத்தீவு டென்மார்க்குக்கு உரியதாயினும் அக்காலத்தில் பிரித்தானியரின் பிடியில் இருந்தது. ஆகவே குழந்தை பிரித்தானியப் பிரசையாகவே பிறந்தது. ஐம்பத்து நான்கு ஆண்டுகளின் பின் அவருக்குக் கைகொடுக்கப் போகும் செய்தி இது.

குடும்பம் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து, தென் கரோலினாவிலுள்ள சார்ள்ஸ்டன் துறைமுக நகரில் தங்கியது. அங்கே சிறு பழக்கடை ஒன்றே அவர்களுக்குச் சீவனோபாயம். மகனோ கூர்மதி படைத்தவன். பதினான்கு வயதில் யேல் கல்லூரி அவனைச் சேர்த்துக்கொண்டது. ஆயினும் இரண்டு ஆண்டுகளிற் பட்டம் பெறாமலே அவன் அங்கிருந்து வெளியேறினான். 1828இல், பதினேழு வயதும் நிரம்பாத இளைஞனாக, ஏறக்குறைய வெறுங்கையோடு நியூ ஓர்லியன்ஸ் நகரில் வந்திறங்கினான். இது அவர் சேர்ந்த முதற்கரை.

நொத்தாரிசின் கந்தோரில்

நியூ ஓர்லியன்ஸ் அக்காலத்தில் பஞ்சும் சீனியும் மலைபோற் குவிந்த துறைமுகம். மிசிசிப்பி ஆற்றின் வழியே உள்நாட்டு விளைவெல்லாம் அங்கு வந்து கப்பலேறும். அந்நகரின் சட்டமும் புதுமையானது. 1803இல் அமெரிக்கா விலை கொடுத்து வாங்கிய லூயிசியானாவிற் பிரெஞ்சு, ஸ்பானிய, உரோமன் சட்டங்களின் வழிவந்த நெறி நிலைத்திருந்தது. சூழவிருந்த மாநிலங்களிலோ ஆங்கிலப் பொதுச்சட்டம் வழங்கியது. உரோமன் டச்சுச் சட்டமும் ஆங்கிலச் சட்டமும் அருகருகே வாழும் இலங்கையர்க்கு இக்கலப்பை விளக்க வேண்டியதில்லை.

நொத்தாரிசு ஒருவரின் கந்தோரில் எழுதுவினைஞராக அமர்ந்த பெஞ்சமின், உறுதிகளைப் பிரதி செய்துகொண்டே சட்டம் படித்தார். பிரெஞ்சு மொழி தெரியாமல் அந்நகரில் தொழில் நடத்த முடியாது. ஆகவே தாம் ஆங்கிலம் கற்பித்து மாற்றாகப் பிரெஞ்சைக் கற்றார். அவ்வாறு கற்க வந்த நத்தாலி என்னும் பெண்ணையே 1833இல் மணந்துகொண்டார். அதற்குச் சில வாரங்களின் முன், 1832ஆம் ஆண்டின் இறுதியில், வழக்கறிஞராக அனுமதிக்கப் பெற்றிருந்தார்.

வழக்குகள் உடனே வந்து குவியவில்லை. வெறுமனே இருந்த காலத்தை அவர் வீணாக்கவுமில்லை. லூயிசியானா நீதிமன்றங்களின் தீர்ப்புகளை ஒவ்வொன்றாகப் படித்து, சாரத்தைப் பிழிந்து, பொருள்வாரியாக வகுத்துத் தம் சொந்தப் பயனுக்காகக் குறித்து வைத்தார். நண்பர் தோமஸ் ஸ்லைடெலுடன் சேர்ந்து 1834இல் அதனை நூலாக வெளியிட்டார். அந்நகரின் சட்டத்தாருக்கு அது கைந்நூலாயிற்று. அதைத் தொகுத்த இருபத்து மூன்று வயது இளைஞரோ துறைமுகத்து வணிகர் தேடி வரும் ஆலோசகராக உயர்ந்தார். தாம் கற்பதற்கென எழுதியதே பிறர்க்குப் பாடமாயிற்று. இவ்வழியை அவர் மீண்டும் ஒருமுறை கைக்கொள்ள நேர்ந்தது.

வணிகருக்கு வேண்டிய அறிவு

வணிகர் ஒருவர் சட்டம் அறிந்தாரிடம் எதை எதிர்பார்க்கின்றார்? நியூ ஓர்லியன்சிலுள்ள ஒருவர் நூறு பொதி பஞ்சை லிவர்பூலிலுள்ள ஒருவருக்கு விற்கின்றார் எனக் கொள்வோம். கப்பல் நடுக்கடலில் மூழ்கிவிடுகின்றது. அவ்வேளை அப்பஞ்சு யாருடையது? விற்றவர் இன்ன நூறு பொதிகள் என்று பிரித்துக் குறியிட்டாரா, அன்றிக் களஞ்சியத்திலுள்ள ஆயிரத்துள் ஏதோ நூறு என்று விட்டாரா? கப்பற் சரக்குச் சீட்டு யார் பெயரில் எழுதப்பட்டது? வாங்கியவர் வங்குரோத்தாகிவிட்டார் என்ற செய்தி எட்டினால், விற்றவர் சரக்கை வழியிலேயே மறித்துக்கொள்ளலாமா? மாதிரி ஒன்றைக் காட்டி வேறொன்றை அனுப்பினால் வாங்கியவர் செய்யத்தக்கது யாது?

மன்றில் வாதாடுபவர் நட்டம் நேர்ந்தபின் பேசுகின்றார். ஆலோசனை கூறுபவரோ, நட்டம் நேர்ந்தால் அது யார் தலையில் விழும் என்பதை ஒப்பந்தத்திற் கையெழுத்து வைக்குமுன்னரே சொல்ல வேண்டியவர். கப்பல் புறப்படுமுன் அதன் அழிவைக் கற்பனை செய்து பார்ப்பதே அவருடைய தொழில். பெஞ்சமினுக்கு அக்கற்பனை இயல்பாகவே கைவந்திருந்தது. உரோமன் சட்டத்திற் பொருளைக் கையளித்தாலன்றி உடைமை மாறாது. பிரெஞ்சுச் சட்டத்தில் உடன்பாடு எய்திய கணமே மாறும். ஆங்கிலச் சட்டத்தில் இரு தரத்தாரின் கருத்து எதுவோ அதுவே முடிவு செய்யும். இம்மூன்றையும் ஒருங்கே கற்றவர் அக்காலத்து ஆங்கில உலகில் மிகச் சிலரே.

கிரியோல் வழக்கு

இனி அந்த முள்ளுக்கு வருகின்றேன். 1841ஆம் ஆண்டு நவம்பரில் கிரியோல் என்னும் கப்பல் வேர்ஜீனியாவிலிருந்து நியூ ஓர்லியன்சை நோக்கிச் சென்றது. அதன் சரக்குகளுள் 130க்கு மேற்பட்ட அடிமைகளும் இருந்தனர். சந்தையில் விற்கப்படுவதற்கெனக் கொண்டு செல்லப்பட்ட மனிதர் அவர்கள். நடுக்கடலில் மடிசன் வாஷிங்டன் என்னும் அடிமையின் தலைமையிற் சிலர் கிளர்ந்தெழுந்து கப்பலைக் கைப்பற்றி, பகாமாத் தீவுகளிலுள்ள நசாவுத் துறைமுகத்துக்குச் செலுத்தினர். பிரித்தானியர் தம் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை முன்னரே ஒழித்திருந்தமையால், அங்கே இறங்கியவர்கள் விடுதலை பெற்றனர்.

சரக்கை இழந்த உடைமைக்காரர் காப்புறுதிப் பணம் கோரி வழக்கிட்டனர். காப்புறுதிக் கம்பனிகளின் சார்பில் வாதாடியவர் பெஞ்சமின். நட்டம் அந்நிய அரசின் தலையீட்டால் வந்ததா, அடிமைகளின் கிளர்ச்சியால் வந்ததா என்பதே வினா. கிளர்ச்சியால் வந்ததாயின் கம்பனிகள் பொறுப்பேற்க வேண்டியதில்லை. பெஞ்சமின் எடுத்துரைத்த வாதம் இன்றும் படிப்போர் நெஞ்சைத் தொடுவது. அடிமையும் மனிதனே, அன்பும் சினமும் விடுதலை வேட்கையும் அவனுக்கும் உண்டு, பிறந்த மண்ணிலிருந்தும் உற்றாரிடமிருந்தும் பிரித்து அவனை அடைத்துச் சென்றால் அவன் எழுவது மனித இயல்பு, அடிமை முறை இயற்கை நீதிக்கு மாறானது, உள்ளூர்ச் சட்டத்தின் பலத்தால் மட்டுமே நிற்பது என்றெல்லாம் அவர் நிறுவினார். 1845இல் லூயிசியானா உயர்நீதிமன்றம் கம்பனிகளின் பக்கமே தீர்ப்பளித்தது.

இவ்வாதத்தை முதலிற் படித்தபோது என் உள்ளம் பூரித்தது. அடுத்துப் படித்தது அப்பூரிப்பை அவித்துவிட்டது. அதே காலத்திற் பெஞ்சமின் நகருக்குத் தெற்கே பெல்ஷாஸ் என்னும் கரும்புத் தோட்டத்துக்கு உடைமைக்காரராயிருந்தார். நூற்றுக்கு மேற்பட்ட அடிமைகள் அங்கே அவருக்காக உழைத்தனர். 1850இல் அத்தோட்டத்தை அவர் விற்றபோது அம்மனிதரையும் சேர்த்தே விற்றார். கட்சிக்காரரின் பணத்தைக் காக்க அவர் கண்ட உண்மை, தம் சொந்த முற்றத்தில் அவருடைய கண்ணிற் படவில்லை.

அரசியலும் வீழ்ச்சியும்

அதன்பின் அவருடைய ஏற்றம் விரைவானது. 1853இல் அமெரிக்க மூதவை உறுப்பினரானார். நாட்டின் உயர்நீதிமன்றத்தில் அமரும் வாய்ப்பு வந்தபோதும் அதனை ஏற்காது மூதவையையே தெரிந்துகொண்டார். 1861இல் தென் மாநிலங்கள் அடிமை முறையைக் காக்கும் பொருட்டுப் பிரிந்து தனி அரசு அமைத்தபோது, அவரும் அதன் பக்கம் சென்றார். சட்டமா அதிபராகவும், போர் அமைச்சராகவும், 1862 முதல் இறுதிவரை அந்நிய விவகார அமைச்சராகவும் இருந்தார். போரின் கடைசி மாதங்களில், தெற்கின் பக்கம் நின்று போர் புரியும் அடிமைகளுக்கு விடுதலை வழங்கலாம் என்று வெளிப்படையாகப் பேசினார். காலங் கடந்த பேச்சு அது.

1865 ஏப்ரலில் தலைநகரான ரிச்மண்ட் வீழ்ந்தது. தலைவர் ஜெபர்சன் டேவிசுடன் தெற்கே ஓடிய பெஞ்சமின் வழியில் அவரைப் பிரிந்து, முதலிற் பிரெஞ்சுக்காரராகவும் பின்னர் எளிய கமக்காரராகவும் வேடம் பூண்டு புளோரிடாவை அடைந்தார். அங்கிருந்து சிறு படகிற் பகாமாவின் பிமினித் தீவுக்குத் தப்பினார். நசாவுக்குச் செல்லவென்று அவர் ஏறிய வள்ளம் கடற்பஞ்சு ஏற்றியது; ஈரத்தில் ஊறிய பஞ்சு பருத்து வள்ளத்தைப் பிளந்துவிட்டது. பஞ்சு வணிகத்தால் வளர்ந்தவரைக் கடற்பஞ்சு கவிழ்த்தது. சிறு தோணி ஒன்றில் மூன்று கறுப்பின மாலுமிகளுடன் தத்தளித்த அவர், மீட்கப்பட்டு மீண்டும் பிமினிக்குத் திரும்பி, பின்னரே நசாவை அடைந்தார்.

அவ்விடத்தை நினைந்து பாருங்கள். கிரியோல் கப்பலின் அடிமைகள் விடுதலை பெற்ற அதே துறைமுகம். அதே கொடியின் நிழல். இருபத்து நான்கு ஆண்டுகளின் முன் தாம் விவரித்த மனிதரைப் போலவே, பிடிபட்டால் உயிர் போகும் என்ற அச்சத்தோடு அவரும் அங்கே கால் வைத்தார். அவ்வேளை அவர் மனத்தில் எழுந்ததை அறிய வழியில்லை. தம் கடிதங்களை அழித்துவிடுவது அவர் வழக்கம். நசாவிலிருந்து ஹவானா சென்று, அங்கிருந்து புறப்பட்ட பயணத்திலும் கப்பல் தீப்பற்றி, அரும்பாடுபட்டு அணைக்கப்பட்டது. 1865 ஓகஸ்ட் 30ஆந் திகதி சவுதாம்டனிற் கரையிறங்கினார். இது இரண்டாங் கரை.

ஐம்பத்து நான்கு வயது மாணாக்கர்

அமைச்சராயிருந்தவர், ஆயினும் இங்கிலாந்தில் வாதாட அவருக்கு உரிமையில்லை. மீண்டும் மாணாக்கராகவே தொடங்க வேண்டும். 1866 ஜனவரியில் லிங்கன்ஸ் இன் என்னும் சட்டச் சங்கத்திற் சேர்ந்தார். பிரித்தானியப் பிரசையாகப் பிறந்தவர் என்பது இங்கே அவருக்கு உதவியது. தம் மகன் வயதுடைய இளைஞரோடு அமர்ந்து, சார்ள்ஸ் பொலக் என்னும் வழக்கறிஞரின் அறையிற் பயிற்சி பெற்றார்.

அப்பயிற்சி முறை நம் மாணவர் அறியத்தக்கது. விரிவுரை கேட்டுக் குறிப்பெடுப்பதன்று அது. குருவுக்கு வந்த வழக்குத் தாள்களை மாணாக்கர் படிப்பார். தம் கருத்தை முறைப்படி எழுதி முன்வைப்பார். குரு அதனைத் திருத்துவார், சில வேளை கிழித்தெறிவார். உண்மையான கட்சிக்காரர், உண்மையான பணம், உண்மையான நட்டம் என்பனவே பாடப் புத்தகம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதை அவ்வறைகளில் ஒவ்வொரு நாளும் உணர்வர். பெஞ்சமின் எழுதிய கருத்துரைகளைக் கண்ட பொலக், தமக்குக் கிடைத்தவர் சாதாரண மாணாக்கர் அல்லர் என்பதை விரைவில் உணர்ந்தார். மூன்று ஆண்டுக் காலத்தைத் தளர்த்தி, 1866 ஜூன் 6ஆந் திகதியே பெஞ்சமினை வழக்கறிஞராக ஏற்றுக்கொண்டனர்.

ஏற்கப்படுவதற்குச் சில வாரங்களின் முன், மே மாதத்தில், ஓவரெண்ட் கேர்னி என்னும் பெரும் நிதிநிலையம் முறிந்தது. பெஞ்சமினின் எஞ்சிய பணத்திற் பெரும்பகுதி அதனோடு போயிற்று. பாரிஸில் தனித்து வாழ்ந்த மனைவியையும் மகளையும் காக்க வேண்டியிருந்தது. பத்திரிகைக்குக் கட்டுரை எழுதியும், வட இங்கிலாந்து நீதிமன்றங்களைச் சுற்றியும் காலந்தள்ளினார். வழக்குகள் அருகியே வந்தன. நியூ ஓர்லியன்சின் பழைய கதைதான். அவர் நாடியதும் பழைய மருந்தையே.

நூல் பிறந்தது

ஆங்கில விற்பனைச் சட்டத்துக்கு அக்காலத்தில் இருந்த சிறந்த நூல் 1845இற் பிளாக்பேர்ன் எழுதியது. அது செறிவானதாயினும் பழையதாகிவிட்டது. பெஞ்சமின் மீண்டும் தீர்ப்புகளைக் குவித்துக்கொண்டு அமர்ந்தார். 1868இல் வெளிவந்த அவருடைய நூல் ஆங்கிலத் தீர்ப்புகளோடு அமெரிக்கத் தீர்ப்புகளையும் பிரெஞ்சுச் சட்டக் கோவையையும் உரோமன் சட்டத்தையும் ஒப்பிட்டது. விற்பனை என்றால் யாது என்ற வினாவோடு அது தொடங்குகின்றது. தகுதியுள்ள இரு தரத்தார், இருவர் மனமும் ஒன்றிய உடன்பாடு, உடைமை மாறத்தக்க ஒரு பொருள், பணமாகிய விலை ஆகிய நான்கு கூறுகளை வகுத்து, அங்கிருந்து படிப்படியாக உடைமை மாறுதல், ஒப்பந்தத்தை நிறைவேற்றுதல், அது முறிந்தால் உள்ள பரிகாரம் என்று செல்கின்றது. கட்சிக்காரர் முன்னால் அமர்ந்திருக்கும் ஆலோசகர் தமக்குள் எழுப்ப வேண்டிய வினாக்களின் வரிசையே அதன் அமைப்பு.

நூல் வந்தபின் வழக்குகளும் வந்தன. 1872இல் அரசுரிமையால் முன்னுரிமை வழங்கப்பெற்ற வழக்கறிஞரானார். பிரபுக்கள் சபையிலும் பிரிவி கவுன்சிலிலும் மேன்முறையீடுகளில் அவருடைய குரல் ஓயாது கேட்டது. பிரெஞ்சு அல்லது உரோமன் சட்டம் வழங்கிய குடியேற்ற நாடுகளின் வழக்குகளில் அவருக்கு நிகர் அரிது. 1883இல் உடல்நலங் குன்றி ஓய்வு பெற்றபோது, இன்னர் டெம்பிள் மண்டபத்தில் நீதிபதிகளும் வழக்கறிஞருமாக ஏறத்தாழ இருநூறு பேர் கூடி அவருக்கு விருந்தளித்தனர். 1884 மே 6ஆந் திகதி பாரிஸிற் காலமானார்.

நம் கரையில்

அவருடைய உழைப்பு நம் நாட்டையும் எட்டியது. 1852ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் வங்கி, கூட்டு வணிகம், காப்புறுதி முதலியவற்றில் ஆங்கிலச் சட்டத்தை இலங்கைக்குக் கொண்டுவந்தது. 1893இல் இங்கிலாந்தில் பொருள் விற்பனைச் சட்டம் இயற்றப்பட்டது; அதனைத் தழுவி 1896இல் 11ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் இங்கே பிறந்தது. தான் விடை கூறாதவிடத்து ஆங்கிலச் சட்ட விதிகளை நாடுமாறு அக்கட்டளைச்சட்டமே பணிக்கின்றது. ஆகவே காணி விற்பனைக்கு உரோமன் டச்சுச் சட்டத்தைப் பார்க்கும் சட்டத்தரணி, அரிசி மூட்டைக்கும் தேயிலைப் பெட்டிக்கும் பெஞ்சமினின் நூலைப் புரட்ட வேண்டியவராகின்றார். இரு நெறிகளையும் ஒப்பிட்டு எழுதியவரின் நூல், இரு நெறிகளும் வாழும் தீவுக்குப் பொருத்தமாக வாய்த்தது.

இவற்றையெல்லாம் அறிந்தபின் நான் வகுப்புக்குச் சென்றேன். கேட்ட மாணவிக்கு விடை கூறினேன். ஓட்டமும் வேடமும் கடற்பஞ்சு வள்ளமும் மாணவருக்குச் சுவையாயிருந்தன. ஐம்பத்து நான்கு வயதில் மறுபடி பாடம் படித்த உறுதி அவர்களுக்கு ஊக்கமளித்தது. அவ்வளவோடு நிறுத்திவிடலாமா என்று எனக்கே ஒரு சபலம் தோன்றியது. நிறுத்தவில்லை. கிரியோல் வழக்கையும் பெல்ஷாஸ் தோட்டத்தையும் சொன்னேன். வகுப்பு அமைதியாயிற்று.

அந்நாள் முதல் விற்பனையின் நான்கு கூறுகளைக் கற்பிக்கையில், மூன்றாவதான பொருள் என்ற சொல்லருகே வந்ததும் நான் சற்று நின்றுவிடுகின்றேன். எது விற்கத்தக்க பொருள் என்பதை அக்காலத்துச் சட்டம் தவறாகச் சொன்னது. அத்தவற்றை எல்லாரினும் தெளிவாகக் கண்டு, மன்றில் எடுத்துரைத்து, வென்று, வீடு திரும்பி அத்தவற்றின் பயனிலேயே வாழ்ந்தார் ஒருவர். அறியாமையால் பிழைத்தவரை மன்னிக்கலாம். அவருக்கோ அறியாமை என்ற அடைக்கலம் இல்லை.

அவருடைய நூலை நான் ஒதுக்கிவிடவில்லை. அதனைப் போன்ற ஆசிரியன் வேறில்லை. நட்டம் யார் தலையில் விழும் என்று முன்கூட்டியே கேட்கக் கற்றுத் தருவது அந்நூல். அவ்வினாவை ஒப்பந்தத்திற் கையெழுத்திடும் இருவரோடு நிறுத்திவிடாமல், அதிற் பெயர் எழுதப்படாத மூன்றாமவரையும் நினைந்து கேட்க வேண்டும் என்பதை அந்நூலாசிரியரின் வாழ்க்கை கற்றுத் தருகின்றது. இரண்டையும் சேர்த்துப் படித்தவனே வணிகருக்கு ஆலோசனை கூறத் தகுந்தவன் என்று இன்று நான் கருதுகின்றேன்.